கம்பெனிப் பதிவேட்டின் வரலாறு

கடைத்தெருவிற் செல்வார் யாவரும் காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு பலகையின்மேற் பெரிய எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர்; அதன் கீழே சிறிய எழுத்தில், 'அரசாங்கத்தாற் பதிவு செய்யப்பெற்றது' என்னுந் தொடர்; அதனருகில் நீண்டதோர் எண். இத்தொடரைக் கண்ட மாத்திரத்தே நம்மவர் உள்ளத்தில் ஒருவகை நம்பிக்கை தோன்றிவிடுகின்றது. சர்க்காரே ஆராய்ந்து நல்லதென்று முத்திரையிட்ட இடம் எனக் கருதி, வீட்டுப் பெண்டிர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளையும், உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றோர் முதுமைக்கென வைத்திருந்த பொருளையும் கொண்டுபோய்க் கொடுக்கின்றனர். பதிவு என்பது யாது? அதனைச் செய்வார் எதனைப் பார்த்துச் செய்கின்றார், எதனைப் பாராது செய்கின்றார்? எல்லா நாட்டிலும் இஃது ஒருபடித்தானதா? இவற்றை வரலாற்று முறையான் ஆராய்ந்து, நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் கருத்து.

'கம்பெனி' என்பதைத் தமிழாக்கிக் 'கூட்டு வாணிகக் கழகம்' என எழுத எமக்கும் ஆசைதான். ஆயினும், கடன் பத்திரத்திலும் கடைப் பலகையிலும் இல்லாத சொல்லைப் புகுத்தினாற் படிப்போர் மயங்குவர். ஆதலின் கம்பெனி என்றே வழங்குகின்றோம். மற்றும் ஒன்று. நம் கல்வெட்டுகளிற் காணும் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் குழுக்களைக் காட்டி, 'கம்பெனி நம் முன்னோர் கண்டதே' என்பாரும் உளர். பெருமை பேசுதற்கு அது நன்று, வரலாற்றுக்குப் பொருந்தாது. பலர் கூடி வாணிகஞ் செய்தல் எந்நாட்டிலும் பழையது. கூடிய பலரினும் வேறாய், அவர் மாண்டபின்னும் மாளாததாய், தன் பெயராற் கடன் வாங்கவும் வழக்காடவும் வல்லதாய் ஓர் ஆளைச் சட்டமே படைத்துவிடுதல் என்பதே இக்காலத்துக் கம்பெனியின் உயிர். அவ்வாளுக்குக் கையில்லை, காலில்லை, முகமில்லை. அதனைக் கண்டேன் என்பார் எவரும் இலர். ஏட்டில் எழுதப்பட்ட எழுத்தே அதற்கு உடம்பாகும். ஆதலின் அவ்வேட்டை எழுதுவோர் யார், எவ்வாறு எழுதுகின்றனர் என்பது சிறு செய்தி அன்று.

இங்கிலாந்து தேசத்தில் முற்காலத்தே இத்தகைய ஆளைப் படைக்கும் அதிகாரம் அரசனுக்கும் பார்லிமெண்டுக்குமே உரியதாயிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் எலிசபெத்து ராணியின் சாசனத்தாற் பிறந்தது. 1711-இல் தோன்றிய தென்கடற் கம்பெனியும் அவ்வாறே சாசனம் பெற்றது. அதன் 100 பவுன் பங்கு 1720-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுனுக்கு விற்றது. அவ்வாண்டுக் கோடையில் ஆயிரத்தை எட்டியது. ஆண்டிறுதியில் இருநூற்றுக்கும் கீழே வீழ்ந்தது. குடிகெட்டார் பலர். அவ்வாண்டிற் பிறந்த 'குமிழிச் சட்டம்' இவ்வீழ்ச்சியின் பயனாக வந்ததென்று பலர் எழுதுவர். உண்மையில் அது வீழ்ச்சிக்கு முன்னரே, ஜூன் மாதத்தில், நிறைவேறியது. சாசனமின்றிக் கம்பெனி போல் நடித்தலாகாது என்று அது விதித்தது. அரசன் கதவை அடைத்தான். வணிகரோ சாளர வழியாக நுழைந்தனர். பல நூறு பேர் ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டுக் கூட்டாளிகளாகித் தொழில் நடத்தினர். சட்டம் அவர்களைக் கம்பெனியாகக் கொள்ளவில்லை. அவர்மீது வழக்குத் தொடுப்பவன் அத்தனை பேரையும் பெயர் சுட்டி மன்றுக்கு இழுத்தல் வேண்டும். அவர் யாவர் என்றறியவோ ஏடு கிடையாது. குமிழிச் சட்டம் 1825-இல் நீக்கப்பட்ட பின்னும் இக்குறை நீங்கவில்லை.

இந்நிலையில் 1836-ஆம் ஆண்டு இலண்டனில் 'இண்டிபெண்டெண்டு வெஸ்டு மிடில்செக்ஸ்' என்னும் இன்ஷியூரன்சுக் கம்பெனி ஒன்று கிளம்பியது. ஆயுள் இன்ஷியூரன்சுக்குப் பிறர் கேட்பதிற் குறைந்த தொகையையே அது கேட்டது. முதல் கொடுத்தார்க்கு ஆண்டுதோறும் பிறர் தருவதின் மிக்க தொகையைத் தருவதாகச் சொல்லிற்று. வாங்குமிடத்துக் குறைவும் கொடுக்குமிடத்து மிகுதியும் எவ்வாறு ஒருங்கு நிற்கும் என்று வினவியவர் சிலரே. வேலைக்காரரும் சிறு வருவாயினரும் தம் சேமிப்பைக் கொண்டு கொட்டினர். சில ஆண்டுகளில் அது மறைந்தது. அக்காலத்துப் பெரும்புகழ் படைத்த நாவலாசிரியராகிய சார்லஸ் டிக்கென்ஸ் 1843, 1844-ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளியிட்ட 'மார்ட்டின் சஸ்ஸில்விட்டு' என்னும் கதையில் இத்தகைய கம்பெனி ஒன்றைக் கற்பித்துக் காட்டுகின்றார். அதன் வாயிலிற் பெரிய சிவப்புச் சட்டையணிந்த காவற்காரன் ஒருவன் இருப்பான். கணக்கைக் காட்டினாலும் நம்பாதவர் அவன் சட்டையைக் கண்டதும் நம்பிவிடுவர் என்பது கதை. எமக்கு இவ்விடத்து நகைப்பினும் வருத்தமே மிகுதியாகத் தோன்றும். பளிங்குத் தரையும் குளிர்ந்த அறையும் கண்டு பணங் கட்டுவார் இன்றும் நம் ஊரில் இலரா?

இவ்வஞ்சகங்களை ஆராய்தற்குப் பார்லிமெண்டு 1841-இல் ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் நான்கு முறை பிரதம மந்திரியாக விளங்கிய கிளாட்ஸ்டன், அப்பொழுது வாணிகத் துறையின் தலைவராயிருந்து, அக்குழுவுக்குத் தலைமை பூண்டார். 1844-இல் வெளிவந்த அதன் அறிக்கை கெட்ட கம்பெனிகளை மூவகைப்படுத்துகின்றது: கணக்கே பிழையாதலின் எவ்வாற்றானும் நிலைக்க மாட்டாதவை, நோக்கம் எதுவாயினும் அமைப்புத் தீயதாதலின் கெடத்தக்கவை, ஏமாற்றுதலையே நோக்கமாகக் கொண்டவை. இம்மூன்றற்கும் குழுவினர் கண்ட மருந்து ஒன்றே. அது தண்டனை அன்று, வெளிச்சம். கம்பெனி தொடங்குவோர் யார், எங்கிருப்பவர், பங்குதாரர் எவரெவர், ஐந்தொகைக் கணக்கு யாது என்பன எல்லாம் ஓரிடத்தில் எழுதிவைக்கப்பட்டு, விரும்பியவர் சென்று பார்க்கக் கூடியனவாதல் வேண்டும் என்றனர்.

அவ்வாண்டிலேயே கூட்டுப் பங்குக் கம்பெனிச் சட்டம் பிறந்தது. 25 பேருக்கு மேற்பட்ட கூட்டாளிகளையுடைய வாணிகம் எதுவும் பதிவு செய்தல் வேண்டும் என்று அது விதித்தது. பதிவு இரு படியாக நடந்தது. விளம்பரஞ் செய்தற்கு முன் பெயரும் நோக்கமும் தொடங்குவோர் விவரமும் கொடுத்து முன்பதிவு பெறுதல் ஒரு படி. உடன்படிக்கையைப் பங்குதாரரிற் காற்பங்கினராவது கையெழுத்திட்டுக் கொடுத்து முழுப்பதிவு பெறுதல் மறுபடி. இதற்கென ஒரு பதிவாளர் நியமிக்கப்பெற்றார். இன்று உலகத்து நாடுகள் பலவற்றில் உள்ள கம்பெனிப் பதிவாளர் அலுவலகங்களுக்கு அவரது அலுவலகமே முன்மாதிரி. ஆனால் ஒன்று நோக்குக. அவர்முன் வைக்கும் தாள்கள் சட்டம் சொன்ன வடிவில் உள்ளனவா என்று பார்த்தலே அவர் கடமை. தாளில் எழுதியது மெய்யா பொய்யா என்று ஆராய்தல் அவர்க்கு விதிக்கப்படவில்லை. ஆராய வேண்டியவர் பொதுமக்கள். சர்க்கார் விளக்கை ஏற்றிவைக்கும். கண்ணைத் திறந்து பார்த்தல் அவரவர் பொறுப்பு. ஆங்கில முறையின் முதற்கொள்கை இதுவே.

1855-இல் பங்குதாரர் தாம் இட்ட பங்கின் அளவுக்கே கடனுக்குப் பொறுப்பாவர் என்னும் 'லிமிடெட்' விதி வந்தது. அதற்கு முன், நூறு பவுன் பங்கு வாங்கியவனது வீடும் நிலமும் கம்பெனிக் கடனுக்குப் போதல் கூடும். இப்புதிய காப்பு வந்த மறுவருடமே, 1856-இல், பதிவின் நிபந்தனைகள் தளர்ந்தன. எழுவர் கூடி, ஆளுக்கு ஒரு பங்கு எழுதி, ஒரு தாளிற் கையெழுத்திட்டால் போதும், கம்பெனி பிறக்கும். முன்பதிவு இல்லை; இவ்வளவு முதல் இருத்தல் வேண்டும் என்பதும் இல்லை; ஐந்தொகைக் கணக்கை ஏட்டிற் சேர்த்தல் வேண்டும் என்பதும் நீங்கியது. இச்சட்டத்தைக் கொண்டுவந்த இராபர்ட் லோ என்பார், சிலர் வஞ்சகர் என்பதற்காக எல்லா வணிகரையும் ஐயுறலாகாது என்று வாதித்தார். வாதம் அழகியதே. ஆயினும் 1844-இல் ஏற்றிய விளக்கின் எண்ணெய் 1856-இற் பாதி வடிக்கப்பட்டது என்றே யாம் கூறுவோம். பொதுமக்களிடம் முதல் வாங்கும் கம்பெனிகள் கணக்கை ஏட்டிற் சேர்த்தல் வேண்டும் என்று மீண்டும் விதிக்க அந்நாட்டார்க்கு 1907-ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இத்தளர்ச்சியின் பயன் விரைவிலே தெரிந்தது. இலண்டன் நகரத்தில் பாங்கிகளுக்கே கடன் கொடுத்த 'ஓவரெண்டு கர்னி' என்னும் பெரிய வீடு உள்ளே புழுத்துப்போன நிலையில் 1865-இல் தன்னை லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துகொண்டது. பழைய நஷ்டங்களைப் பற்றி விளம்பரப் பத்திரிகை வாய் திறக்கவில்லை. பதிவாளர் கேட்கவும் இல்லை. கேட்க அவர்க்கு அதிகாரமும் இல்லை. பங்குகளை மக்கள் போட்டியிட்டு வாங்கினர். ஓராண்டு நிரம்புதற்கு முன், 1866-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், அது கதவைச் சாத்தியது. டைரக்டர்கள்மேல் வழக்கு நடந்து, 1869-இல் அவர்கள் குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டனர்.

மற்றொரு வழக்கும் அறியத்தக்கது. ஆரன் சாலமன் என்பார் இலண்டனிற் காலணி செய்து விற்கும் தொழிலாளர். 1892-இல் தம் தொழிலை ஒரு கம்பெனிக்கு விற்றார். அக்கம்பெனி யார்? தாம், தம் மனைவி, மகள், நான்கு ஆண் மக்கள் என எழுவர். மொத்தப் பங்கு 20,007. அவற்றுள் 20,001 அவருடையவை. ஏனை ஆறு பேர்க்கும் ஆளுக்கு ஒன்று. விலையில் ஒரு பகுதிக்காகக் கம்பெனி அவருக்கு 10,000 பவுனுக்குக் கடன் பத்திரமும் எழுதிக் கொடுத்தது. தொழில் நொடித்தபோது, ஈடு பெற்ற கடன்காரர் முன்னே வர, ஈடில்லாது சரக்குக் கொடுத்தவர் வெறுங்கையோடு நின்றனர். 'கம்பெனியாவது, சாலமனாவது, இரண்டும் ஒன்றே. இது வெறும் வேடம்' என்று கீழ்மன்றங்கள் கருதின. 1896-ஆம் ஆண்டு நவம்பரில் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றியது. சட்டம் கேட்ட எழுவர் உளர், பதிவு நடந்தது, ஆதலின் கம்பெனி வேறு, சாலமன் வேறு என்பது முடிவு. ஏட்டில் எழுதியது ஓர் ஆளைப் படைத்துவிட்டது. அப்படைப்பை மன்றமும் மறுத்தற்கில்லை. இன்றும் ஆங்கில முறையைத் தழுவிய நாடுகளில், இந்தியா உட்பட, கம்பெனிச் சட்டம் படிப்போர் முதலிற் படிப்பது இவ்வழக்கே.

இதனோடு இயைந்த கொள்கை மற்றொன்று. ஏடு எல்லார்க்கும் திறந்திருத்தலின், கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் செய்பவன் அதனைப் படித்தவனாகவே கொள்ளப்படுவான் என்று ஆங்கில நீதிமன்றங்கள் தீர்த்தன. படியாதவன், 'யான் அறியேன்' என்றல் செல்லாது. உள்வீட்டு நடைமுறை ஒழுங்காக நடந்ததா என்று மட்டும் அவன் துருவ வேண்டுவதில்லை என 1856-இல் டர்க்குவாண்டு வழக்கில் ஒரு சலுகை தந்தனர். இங்கிலாந்திற் பிற்காலச் சட்டங்கள் இக்கொள்கையை மிகுதியும் தளர்த்திவிட்டன. நம் நாட்டு மன்றங்களில் அது இன்னும் பேசப்படுகின்றது.

நம் நாட்டிற்கு இப்பதிவு எவ்வாறு வந்தது என்பதையும் ஈண்டே சொல்லிவிடுதல் நன்று. 1850-ஆம் ஆண்டின் 43-ஆம் சட்டத்தால், கல்கத்தா, சென்னை, பம்பாய் என்னும் மூவிடத்துச் சுப்ரீம் கோர்ட்டுகளிற் கம்பெனிகள் விரும்பினாற் பதிவு செய்துகொள்ளலாயின. 1857-இல் லிமிடெட் விதி வந்தது, பாங்கிகளுக்கு 1860-இல். பின்னர் 1866, 1882, 1913, 1956, 2013 ஆகிய ஆண்டுகளில் மேன்மேலும் சட்டங்கள் பிறந்தன. இங்கிலாந்திற் பெய்த மழைக்குச் சில ஆண்டு கழித்துச் சென்னையில் வெள்ளம் வருதல் போல்வது இவ்வரலாறு.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்நாட்டுக்கு மறக்கத்தகாத மாதம். 16-ஆம் நாள், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால், சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவாயிற்று. முதல் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஆறு நாள் கழித்து, 22-ஆம் நாள், சென்னையில் அர்பத்நாட்டு கம்பெனி மஞ்சட் கடிதம் கொடுத்தது. பெயரிற் கம்பெனி என்றிருந்ததேயன்றி அது சில துரைமார்களின் கூட்டு வியாபாரம். கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவானதன்று. ஆதலின் தன் ஐந்தொகையை எவர்க்கும் காட்ட வேண்டாததாய் இருந்தது. வெள்ளைக்காரர் வீடு, பெரிய வீடு, தலைமுறை பல கண்ட வீடு என்னும் மதிப்பே அதற்கு ஏடு. ஆயிரக்கணக்கான குடும்பத்தார் பணம் அதில் மூழ்கிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டு 18 மாதம் கடுங்காவல் தண்டனை பெற்றார். அத்துன்பத்தின் நடுவே வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, இந்தியன் பாங்கி 1907-ஆம் ஆண்டு மார்ச்சில் முறைப்படி பதிவாகி, ஆகஸ்டு 15-ஆம் நாள் தொழில் தொடங்கியது.

பதிவில்லாதது கெட்டது, பதிவானது வாழ்ந்தது என்று இதனாற் கொள்ளற்க. சுதேசிக் கம்பெனியின் ஏடு குற்றமற்றது. எதிரிக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் சர்க்காரின் பகையும் அதனை வீழ்த்தின. வ. உ. சி. சிறையிலிருக்க, 1911-இல் அது கலைக்கப்பட்டது. ஏடு எவர்க்கும் கவசம் அன்று.

இனி ஜெர்மனிக்குச் செல்வோம். ஆங்கு முறை முற்றிலும் வேறு. அதனை விளக்கப் பெரியபுராணத்து நிகழ்ச்சி ஒன்று எமக்கு நினைவு வருகின்றது. சுந்தரர் மணவினையில் வந்து அடிமையோலை காட்டிய முதியவரின் படியோலையை மணமகன் கிழித்துவிட, வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையேறியது. மூலவோலை வெளிவந்ததும் அவையத்தார் அதனை அப்படியே ஏற்றனரா? இல்லை. பாட்டனார் கைச்சாத்திட்ட வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். கொடுத்த ஓலையை வாங்கி அடுக்கிவைத்தல் ஒரு முறை. ஒப்புநோக்கிக் கொள்ளுதல் மற்றொரு முறை. முன்னது இங்கிலாந்து, பின்னது ஜெர்மனி.

ஜெர்மனியில் வணிகப் பதிவேடு தனியான அலுவலகத்தில் இல்லை. உள்ளூர் நீதிமன்றத்தில் உள்ளது. 1861-ஆம் ஆண்டின் பொது வணிகச் சட்டம் இதனை ஜெர்மானிய நாடுகளுக்குப் பொதுவாக்கியது. 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த வணிகச் சட்டத் தொகுதி நிலைநாட்டியது. பதிவு வேண்டுவோர் முதலில் நோட்டரி ஒருவர்முன் ஆளை மெய்ப்பித்துக் கையெழுத்திடுதல் வேண்டும். அதன்பின் நீதிமன்றத்தார் பத்திரங்களை ஆராய்வர். குறையிருப்பின் திருப்புவர். ஏட்டில் 'அ' என்னும் பகுதி தனி வணிகர்க்கும் கூட்டாளிகட்கும். 'ஆ' என்னும் பகுதி முதலிட்ட கம்பெனிகட்கும் என வகுத்துள்ளனர்.

இதனினும் சிறந்தது அச்சட்டத் தொகுதியின் 15-ஆம் பிரிவு. ஒரு வணிகர் தம் காரியஸ்தர் ஒருவரை நீக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீக்கியதை ஏட்டில் எழுதச் செய்யவில்லை. நீக்கப்பட்டவர் பழைய பழக்கத்தால் ஒருவரிடம் முதலாளி பெயரிற் சரக்கு வாங்கிவிட்டார். அதனை அறியாது கொடுத்தவர்க்கு முதலாளியே பணம் தரல் வேண்டும். ஏன்? ஏட்டில் இல்லாததை அறியாதார்மேற் சுமத்தலாகாது என்பது அவர்தம் விதி. ஏடு பிழைபட அறிவிக்கப்பட்டிருந்தாலும் அதனை நம்பியவனுக்கே பெரும்பாலும் காப்பு. ஆங்கிலேயர் 'ஏடு திறந்திருந்தது, நீ ஏன் பார்க்கவில்லை?' என்று வந்தவனைக் கேட்டனர். ஜெர்மானியர் 'ஏட்டை நீ ஏன் திருத்தவில்லை?' என்று வணிகனைக் கேட்டனர். சிறியார்க்கு எது நலம் என்பது சொல்ல வேண்டா.

ஜெர்மானியரும் பட்டறிந்தே இதனைக் கற்றனர். 1870-இல் அரசாங்க அனுமதி முறையை நீக்கிப் பதிவு ஒன்றே போதுமெனத் தளர்த்தவே, பிரான்சை வென்ற களிப்பிற் கம்பெனிகள் காளான் போல் முளைத்தன. 1873-இல் வந்த வீழ்ச்சியில் அவற்றுட் பல அழிந்தன. அதன் பயனாக 1884-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனி தொடங்குவோரின் கணக்கையும் பொறுப்பையும் கடுமையாக ஆராயுமாறு விதித்தது. அங்ஙனமாயினும் நீதிபதியின் ஏடு இன்னார் கையெழுத்திட உரிமையுடையார் என்று சொல்லுமேயன்றிப் பெட்டியில் எவ்வளவு பணம் உண்டு என்று சொல்லாது. 2020-ஆம் ஆண்டு ஜூனில் 'வயர்கார்டு' என்னும் ஜெர்மன் கம்பெனி வீழ்ந்தபோது, அதன் கணக்கில் இருப்பதாகக் காட்டிய 190 கோடி யூரோ எங்கும் இல்லை என்பது வெளியாயிற்று. ஏட்டில் அக்கம்பெனியின் பதிவு செவ்வனே இருந்தது.

பிரான்சைப் பற்றி விரித்தெழுத வேண்டுவதில்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கு வணிகப் பதிவேடு ஏற்பட்டது. வணிக நீதிமன்றத்து எழுத்தர் அதனைப் பேணி வருகின்றார். அந்நீதிமன்றத்தில் நீதிபதிகளாய் அமர்வோர் வணிகர்களாலேயே தேர்ந்தெடுக்கப்படுவோர் என்பது ஒரு புதுமை. 2023 முதல் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தேசியப் பதிவேடு ஒன்றும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நிலையோ வேறு. அத்துணைப் பெரிய நாட்டிற்கு ஒரு பொது ஏடு இல்லை. ஒவ்வொரு மாகாணமும் தனித்தனி ஏடு வைத்துக்கொண்டு, கம்பெனிகள் தன்னிடமே பிறத்தல் வேண்டும் எனப் போட்டியிடுகின்றது. பதிவுக் கட்டணமும் ஆண்டு வரியும் மாகாணத்துக்கு வருவாய். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூஜெர்சி மாகாணம் இவ்வாணிகத்தில் முன்னின்றது. 1899-இல் டெலவேர் என்னும் சிறு மாகாணம் இலகுவானதொரு சட்டம் இயற்றியது. 1913-இல் நியூஜெர்சியின் கவர்னரான உட்ரோ வில்சன் பெருங்கம்பெனிகளை அடக்கும் சட்டங்களைச் செய்யவே, கம்பெனிகள் டெலவேருக்குக் குடிபெயர்ந்தன. அம்மாகாணத்து வில்மிங்டன் நகரில் ஒரு மாடிக்கட்டடமே 2,85,000 கம்பெனிகளுக்கு முகவரியாயிருந்ததாக 2012-இற் பத்திரிகைகள் எழுதின. ஆங்குக் கம்பெனி பதிவு செய்வோர் அதன் உடைமையாளர் பெயரை ஏட்டில் எழுத வேண்டுவதில்லை. பிறப்பேட்டில் தந்தை பெயர் வேண்டா என்பது போலும்! இதனைத் திருத்த 2021-இல் ஒரு சட்டம் இயற்றி, உண்மை உடைமையாளர் பெயரை மத்திய அரசாங்கத்துக்கு அறிவித்தல் வேண்டும் என்றனர். 2024-இல் நடைமுறைக்கு வந்த அவ்விதியினின்று 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் உள்நாட்டுக் கம்பெனிகள் அனைத்தையும் விலக்கிவிட்டனர்.

இங்கிலாந்திலும் இப்பெயர்க் கேள்வி எழுந்தது. உண்மையிற் கம்பெனியை ஆள்வோர் பெயரைப் பொது ஏட்டில் எழுதுமாறு 2016-இல் அந்நாட்டார் விதித்தனர். ஆயினும் எழுதியது மெய்தானா என்று பார்ப்பார் அப்பொழுதும் இலர். அதற்குச் சற்று முன், 2013-இல், ஏட்டின் ஓட்டையை வெளிப்படுத்த விரும்பிய ஒருவர், அவ்வேட்டுக்குப் பொறுப்பான மந்திரியாகிய வின்ஸ் கேபிளின் பெயரையே டைரக்டராக எழுதி ஒரு கம்பெனியைப் பதிவு செய்து காட்டினார். பதிவு தடையின்றி நடந்தது! பின்னர் 2018-இல், பொய் எழுதியதற்காக முதன்முதல் தண்டிக்கப்பட்டவர் அவரே. திருடன் நுழையும் வழியைக் காட்டியவனைப் பிடித்து அபராதம் விதித்த இக்கதையை யாம் கற்பித்துச் சொன்னோம் எனின் எவரும் நம்பார். 2023-ஆம் ஆண்டுச் சட்டம், தாளை ஐயுற்று வினவவும் தள்ளவும் பதிவாளர்க்கு அதிகாரம் தந்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 4 முதல் அது நடைமுறையில் உள்ளது. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 18 முதல் டைரக்டர்கள் தம் ஆளை மெய்ப்பித்தல் வேண்டும். 1844-இற் கேளாத கேள்வியைக் கேட்க அவர்கட்கு 180 ஆண்டு ஆயிற்று.

நம் நாட்டில் 2006 முதல் ஏடு கணினி வழியாயிற்று. டைரக்டர் ஒவ்வொருவர்க்கும் தனி எண் உண்டு. கணக்குக் கொடாதும் தொழில் செய்யாதும் கிடந்த 2 இலட்சத்திற்கு மேற்பட்ட கம்பெனிகளின் பெயர்கள் 2017-இல் ஏட்டினின்று நீக்கப்பட்டன. அத்துணைக் கம்பெனிகளும் அந்நாள் வரை 'பதிவு பெற்றவை' என்று பலகையில் எழுதிக்கொள்ளத் தடையிருந்ததில்லை.

எம்முடன் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இத்தகைய பலகையை நம்பித் தம் பணத்தைக் கொடுத்து இழந்தார். கம்பெனியின் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. பின்னர் அதன் ஏட்டைப் பார்த்தபோது, அது விளைபொருள் வாங்கி விற்றற்கெனப் பதிவானது என்பதும், மூன்றாண்டாகக் கணக்கே கொடுக்கவில்லை என்பதும் தெளிவாயிருந்தன. பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்க அதற்கு அனுமதியே இல்லை. ஏடு ஒன்றையும் மறைக்கவில்லை, கேட்பார் இலராயினர்.

ஆதலின் பார்க்கும் வகையைச் சொல்கின்றோம். பலகையில் உள்ள அடையாள எண் 21 எழுத்தும் இலக்கமும் கொண்டது. முதலெழுத்துப் பங்குச் சந்தையில் உள்ளதா இல்லையா என்பதைக் காட்டும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் இன்னதென்பதை. அதனையடுத்த ஈரெழுத்து மாநிலத்தை. நான்கிலக்கம் பிறந்த ஆண்டை. மூன்றெழுத்துக் கம்பெனியின் வகையை. இறுதி ஆறிலக்கம் பதிவெண்ணை. நூறாண்டுப் பாரம்பரியம் பேசும் கம்பெனியின் எண்ணுக்குள் 2019 என்றிருப்பதை யாம் கண்டதுண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் அவ்வெண்ணை இட்டால், முகவரி, செலுத்திய முதல், டைரக்டர் பெயர், கடைசியாக ஐந்தொகை கொடுத்த நாள், சொத்தின்மேல் உள்ள அடைமானம் ஆகியன கட்டணமின்றியே தெரியும். சிறு கட்டணம் செலுத்தின் ஐந்தொகையையே பார்க்கலாம். வைப்புப் பணம் வாங்கும் உரிமை வேறு. அது பதிவாளர் கொடுப்பதன்று. நிதிகள் தம் உறுப்பினரிடம் மட்டுமே வாங்கலாம். ஏனைப் பணத்தொழிற் கம்பெனிகள் ரிசர்வ் பாங்கியின் அனுமதியைக் காட்டல் வேண்டும். வீட்டிலுள்ள பிள்ளைகள் கைப்பேசியிலேயே இதனைப் பார்த்துச் சொல்ல வல்லர்.

சங்கங்களின் பதிவு கம்பெனிச் சட்டத்தின் பாற்பட்டதன்று. அதற்கு 1860-ஆம் ஆண்டின் 21-ஆம் சட்டமும், தமிழ்நாட்டுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் உள. அவற்றைப் பிறிதோர் இதழில் எழுதுவோம்.